ஏறி இறங்கும் மதிப்பெண்

(ராசிங்காபுரத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது. அக்டோபர் 2025.)



மலை ஏலத்தோட்டத்திலிருந்து வந்த ஜீப்பை விட்டு இறங்கி, முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இனிமேல்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முதல் பருவத் தேர்வு முடிந்து பேப்பர் கொடுத்தாயிற்று. போன வருசம் வரை எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரி மார்க் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் தமிழில் எண்பதைத் தாண்டுகிறது, கணக்கில் நாற்பதில் நிற்கிறது. ஜூலை மாதச் சிறு தேர்வில் நன்றாக எழுதிய அறிவியலை செப்டம்பரில் கோட்டை விடுகிறது. ரேங்க் கார்டைப் பார்த்த வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியும். “புத்தி இல்லாமலா அங்க எண்பது வாங்குன? எல்லாம் கொழுப்பு.” அதோடு ரெண்டு அடியும் விழுந்திருக்கும்.

நான் இங்கே சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே சீராகக் குறைந்த மதிப்பெண் நமக்கு அதிகம் எதையும் சொல்லாது. ஏறி இறங்கும் மதிப்பெண் நிறையச் சொல்லும். இந்தப் பிள்ளையால் முடியும் என்பதை ஏறின இடம் சொல்கிறது. எது குறுக்கே நின்றது என்பதை இறங்கின இடம் சொல்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரியவர்களாகிய நம்முடைய வேலை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தன்னைத் தடுப்பது எது என்று எடுத்துச் சொல்லத் தெரியாது.

ஏலச்செடியை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றின காயும் இருக்கும். அதனால்தான் நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுப்புக்குப் போகிறீர்கள். ஒரு எடுப்பில் காய் குறைந்தால் செடியை யாரும் வைவதில்லை. மழை தப்பிப்போச்சா, வேர்ப்புழுவா, நிழல் கூடிப்போச்சா என்று தூரைக் கிளறிப் பார்க்கிறீர்கள். பிள்ளையிடமும் அந்தப் பார்வை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதலில், இந்த வருச ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யார் என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-ல். அந்த வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஆக, இந்தப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து ‘அ’ எழுதியதே இரண்டாம் வகுப்பில், அதுவும் பாதி வருசம் போன பிறகு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் விடியுமுன் மலையேறிவிட்ட வீட்டில், அந்த வயதுப் பிள்ளையை டி.வி. முன்னால் உட்காரவைக்க யார் இருந்தார்கள்?

பிறகு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. 2022-ல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், அடுத்த வருசம் நாலு, ஐந்துக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்து, அந்த நிலையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் மூன்று வருசம் அதில் படித்துத்தான் மேலே வந்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் வகுப்பில் அந்தக் கைப்பிடி போய்விடுகிறது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வேகம். ஒரே டீச்சர் நாள் முழுக்க இருந்து, “என்னத்தா, சோர்ந்து போயிருக்க?” என்று கேட்டது போய், பாடத்துக்கு ஒரு ஆசிரியர் மணி அடித்ததும் வருகிறார், மணி அடித்ததும் போகிறார். இந்த வருசம் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை ‘திறன்’ என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால் மானக்கேடாக நினைக்காதீர்கள். தயவுசெய்து பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து, வயிறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையில் சூடாக ஒரு தட்டு. ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அந்தத் தட்டு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலைச் சாப்பாடு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. போன ஏப்ரல் வரை காலையில் பள்ளியில் சாப்பிட்ட அதே பிள்ளை, ஜூனிலிருந்து சாப்பிடுவதில்லை. நீங்கள் ஐந்து, ஐந்தரைக்கு ஜீப் ஏறுகிறீர்கள். அதற்குமுன் சோறு ஆக்கித்தான் வைக்கிறீர்கள். ஆனால் தானே எடுத்துப்போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பக்குவம் பதினொரு வயதில் எத்தனை பிள்ளைக்கு வரும்? தம்பிக்குத் தலை சீவி, தங்கச்சிக்குச் சட்டை மாட்டி, கதவைப் பூட்டிவிட்டு ஓடுகிற பிள்ளை முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு மத்தியானம் பன்னிரண்டரை வரை இருக்கிறது. பல பள்ளிகளில் கணக்கு வகுப்பு காலையில்தான் இருக்கும். கணக்கில் நாற்பது, மத்தியானத்துக்கு மேல் நடக்கும் பாடத்தில் எழுபது என்று வந்தால், அந்தப் பிள்ளையின் வகுப்பு நேர அட்டவணையை வாங்கி மார்க்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய சோறும் மோரும் போதும். யார் எடுத்து வைப்பது என்பதில்தான் சிக்கல். தெருவுக்குத் தெரு ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோ காலையில் வீட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். மூன்று நாலு வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் கண் முன்னால் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்ய முடியாதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒன்று என நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் அதைப் போட்டால் குமட்டும் என்று பிள்ளைகள் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். ரத்தசோகை உள்ள பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவோம்.

மார்க்கின் ஏற்ற இறக்கத்துக்கும் காய் எடுப்புக்கும் உள்ள தொடர்பையும் பார்க்க வேண்டும். ஆடி, ஆவணியில் எடுப்பு மும்முரமாகித் தை வரைக்கும் போகிறது. முதல் பருவத் தேர்வு செப்டம்பரில், இரண்டாம் பருவத் தேர்வு டிசம்பரில். இரண்டுமே நீங்கள் இருட்டில் போய் இருட்டில் வருகிற மாதங்கள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் நிற்பது ஆறாம் வகுப்பு அக்காதான்; எட்டாவது படிக்கும் அண்ணன் நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. மாசி, பங்குனியில் மலை ஓய்கிறது, ஏப்ரலில் மூன்றாம் பருவத் தேர்வு வருகிறது, அதில் மார்க் ஏறுகிறது. “கடைசியில மட்டும் எப்படிப் படிச்ச?” என்று அப்போது கேட்காதீர்கள். வீட்டு காலண்டரில், பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளை ஒரு சுழி போட்டு வையுங்கள். பருவம் முடிந்ததும் அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, அந்த நாள்களில் என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பாடத்தில்தான் மார்க் போயிருக்கும்.

இப்போது ஒரு விடைத்தாளைக் காட்டுகிறேன். பிள்ளையின் பெயர் வேண்டாம்.

ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்கில் விகிதம் ஒரு பாடம். 28:42 என்பதை எளிய வடிவில் எழுது என்று கேள்வி. இந்தப் பிள்ளை இரண்டால் வகுத்து 14:21 என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அப்பா பார்த்தது அந்தக் குறியை மட்டும். நான் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “ஏன் சாமி, பாதியில விட்டுட்ட?” என்று கேட்டேன். “ஏழாம் வாய்ப்பாடு வரல சார்” என்றது. விகிதம் என்றால் என்ன என்று அதற்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. ஏழிலும் எட்டிலும் வாய்ப்பாடு தடுக்கிறது, அவ்வளவுதான். அதே தாளைப் புரட்டினால் 12:18 சரி, 20:30 சரி, 24:56 தப்பு. வாய்ப்பாடு தெரிந்த இடத்தில் எல்லாம் மார்க் விழுந்திருக்கிறது. மொத்தமாகக் கூட்டிப்போட்டு ‘கணக்கு 41’ என்று கார்டில் எழுதியதும் இந்த விவரம் அத்தனையும் காணாமல் போய்விட்டது. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எதற்கு? தினமும் ஏழும் எட்டும் சொல்லவைத்தால் தீரும்.

ஆறாம் வகுப்பில் பருவத்துக்குப் பருவம் கணக்கில் பாடம் மாறுகிறது. இரண்டாம் பருவத்தில் பட்டியல், இலாபம், நட்டம் வரும். அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் பழகின பிள்ளை அதில் வெளுத்து வாங்கும். மூன்றாம் பருவத்தில் பின்னம் வரும். வாய்ப்பாடு ஆடினால் அங்கே திரும்பவும் சரியும். ஒரே பிள்ளை, ஒரே மூளை, ஒரே உழைப்பு. பருவத்துக்கு ஒரு மார்க் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கார்டில் இரண்டு பகுதி இருப்பதையும் பாருங்கள். வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. முதலாவது, வகுப்பில் செய்யும் செயல்பாடும் சிறு தேர்வும். இரண்டாவது, பருவ முடிவில் எழுதும் பரீட்சை. நாற்பதுக்கு 36 வாங்கிவிட்டு அறுபதுக்கு 22 வாங்கினால், பிள்ளைக்குப் பாடம் தெரிகிறது, எழுத வரவில்லை என்று அர்த்தம். வேகமாக எழுத முடியவில்லையா, எழுத்துப்பிழையா, கேள்வியை வாசித்தே புரிந்துகொள்ள முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். அறுபதில் நன்றாக வாங்கி நாற்பதில் குறைந்தால், பள்ளிக்குப் போகாத நாள்கள் அதிகமாக இருக்கலாம். தமிழில் மட்டும் நல்ல மார்க், அறிவியலும் சமூக அறிவியலும் சரிந்திருந்தால், மீடியத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலும் ஆங்கில வழிப் பிரிவு வந்துவிட்டது. ஐந்து வருசம் தமிழில் படித்த பிள்ளையை ஜூன் மாதம் ஒரே நாளில் அங்கே மாற்றினால், தெரிந்த விஷயத்தையே தெரியாத மொழியில் எழுத வேண்டியிருக்கும். நான் ஆங்கில வழிக்கு விரோதி இல்லை. ஆனால் மாற்றியது நாம், அடி வாங்குவது பிள்ளை என்பது நியாயமில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வந்தால், கண்ணைச் சோதித்துவிடுங்கள். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

“நான் கைநாட்டு, நான் எப்படி சார் சொல்லித்தர்றது?” என்று கேட்கிற தாய்மார்களுக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். உங்களால் நிச்சயம் முடியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊர்ப் பள்ளியில், ரோடிகர், அகர்வால், மெக்டேனியல் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தை வைத்தே ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். பண்டைய எகிப்து, இந்தியா, சீனா எல்லாம் அதில் பாடம். சில பகுதிகளை நடத்திவிட்டு அவ்வப்போது சின்னச் சின்னக் கேள்வி கேட்டார்கள். சில பகுதிகளில் கேட்கவில்லை. பின்னால் வந்த தேர்வில், கேள்வி கேட்ட பகுதிகளில் பிள்ளைகள் தெளிவாக அதிக மார்க் வாங்கினார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வது நெஞ்சில் நிற்கிறது.

இதற்குப் படிப்பு எதற்கு? சோறு வடிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். “பொஸ்தகத்த மூடு. இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு.” நம் பிள்ளைகளின் முதல் பருவப் புத்தகத்திலும் சிந்துவெளி இருக்கிறது. மொகஞ்சதாரோவில் பெரிய குளம் என்று பிள்ளை சொல்லும். “குளத்துல தண்ணி மண்ணுக்குள்ள இறங்காமயா இருந்துச்சு?” என்று அம்மாச்சி கேட்பாள். பிள்ளை முழிக்கும், புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கசியாமல் இருக்க இயற்கைத் தார் பூசியிருந்தார்கள் என்று வந்து சொல்லும். அந்த ஒரு கேள்வியில் அன்றைய படிப்பு முடிந்தது. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு முன்னால் ஆறாவது படிக்கிற பிள்ளையைத் திட்டிக்கொண்டே கேட்காதீர்கள். அப்புறம் வாயே திறக்காது.

இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. விஸ்கான்சின் மாநிலம் மாடிசன் நகரில் ஜெஃப்ரி போர்மனும் உடனிருந்தவர்களும் 11 பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வைத்துச் செய்தது, 2019-ல் வெளியானது. புதுப் பள்ளியில் ஆரம்பத்தில் பயமாக இருந்தது, நண்பர்கள் இல்லை, பரீட்சை கஷ்டமாக இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் புதியவர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, அதைப் பற்றி அவர்களையே எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தது. அந்த வருசம் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்தது, தோற்கும் பாடங்களும் குறைந்தன. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆசிரிய நண்பர்களே, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நாலு பேரை ஒரு மணி நேரம் ஆறாம் வகுப்புக்கு அனுப்பிப் பேசவிடுங்கள். எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவர்கள் வேண்டாம். ஆறாவதில் தடுமாறி, ஏழாவதில் எழுந்தவர்களாகப் பார்த்து அனுப்புங்கள்.

பெற்றோரில் சிலர், இந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, அடுத்த வருசம் போடியில் பணம் கட்டிப் படிக்கும் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். கடன் வாங்கிச் செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறு வருசம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், பையனுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு எடுக்கின்றன. ஒரு பருவத் தேர்வைப் பார்த்துப் பயந்து, இதையெல்லாம் கை நழுவ விடாதீர்கள்.

ஃபெயிலாகிவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம்; எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் ஃபெயிலாக்கலாம் என்று விதியை மாற்றிய பிறகும், இங்கே பழைய முறைதான் தொடர்கிறது. அது சரியான முடிவு. ஆனால் ஃபெயில் இல்லை என்பதால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடக் கூடாது. ஏழாம் வாய்ப்பாட்டுத் தடுக்கலை இப்போது யாரும் பார்க்காவிட்டால், அது ஒன்பதாம் வகுப்பு வரை கூடவே போகும். அங்கே போனதும், “எனக்குக் கணக்கே வராது” என்று பிள்ளையே தன்னைப் பற்றி முடிவு செய்திருக்கும். ஜீப்பில் இடம் காலியாக இருந்தால் அதுவும் அம்மாவோடு ஏறிவிடும். அப்படி ஏறின பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட மக்கு இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள். காலை உணவை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கும் நீட்டிக்கச் சொல்லி அரசுக்கு ஒன்று. அது வரும்வரை, காய் எடுப்பு மாதங்களில் மட்டுமாவது ஊர்ச் செலவில் காலையில் ஏதாவது கொடுக்க முடியுமா என்று பார்க்க மற்றொன்று. ஏலக்காய் வியாபாரிகளிடம் கேளுங்கள், ஊர்க் கமிட்டியில் கேளுங்கள். கோயில் கொடைக்குக் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

பிள்ளையின் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் போய்விடாதீர்கள். அடுப்பு வேலை உள்ளவர்களின் தாளை முதலில் பார்த்துவிடலாம். கணக்குத் தாளை மேலே வையுங்கள்.